இரண்டாவது கல்

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாப விமோசனம்' சிறுகதையை வாசிப்போர் பலரும் அதன் முடிவில் திகைத்து நின்றுவிடுகின்றனர். சாபம் நீங்கிப் பெண்ணுருப் பெற்ற அகலிகை, இறுதியில் மீண்டும் கல்லாகிறாள். பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியின் மேல் ஆசிரியர் விடுத்த கண்டனம் என்று இதற்குப் பொருள் கூறுவர். அது தவறில்லை. எனினும் கல் என்னும் குறியீட்டை அவ்விளக்கம் பாதி வழியில் விட்டுவிடுகிறது.

வால்மீகியின் அகலிகை கல்லாவதில்லை. எவர் கண்ணுக்கும் புலப்படாமல், காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து தவம் புரிகிறாள். கம்பனிலோ அவள் கல்லாகக் கிடக்கிறாள். புதுமைப்பித்தன் கம்பனின் கல்லை எடுத்துக்கொண்டு, அதன் அருகே ஒரு புற்றையும் வைக்கிறார். மனைவி சிலையாய்க் கிடக்க, சபித்த கோதமனைப் புற்று மூடியிருக்கிறது. சாபமிட்டவனும் அசைவற்றுப் போகிறான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இராமனின் பாதத்துகள் பட்டதும் கல் பெண்ணாகிறது, புற்றும் உடைகிறது. பழைய கதைக்கு இதுவே முடிவு. புதுமைப்பித்தன் இங்கிருந்துதான் தொடங்குகிறார். மன்னிக்கப்பட்டவர்கள் மறுநாள் காலை எப்படி வாழ்வார்கள்? கோதமன் கொடியவன் அல்லன். தன் சொல் எங்கே அவளைத் தைத்துவிடுமோ என்று ஒவ்வொன்றையும் அளந்து பேசுகிறான். அவளோ எதிர்ப்படும் ஆடவர் எல்லாரிலும் இந்திரனைக் கண்டு ஒடுங்குகிறாள். கதையின் உயிர் இப்பகுதியில்தான் இருக்கிறது என்பேன். முடிவைக் குறித்து உரத்துப் பேசுவோர் இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். அன்புள்ள இருவர் ஒருவருக்கொருவர் அஞ்சி வாழும் வீடுகளை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா?

அவளுக்கு எஞ்சிய ஒரே பற்றுக்கோடு இராமன். உள்ளம் உடன்படாத பிழைக்குத் தண்டனை தகாது என்னும் நீதி அவன் உருவில் அவள் முன் வந்து நின்றது. வனவாசம் முடிந்து சீதை வருகிறாள். தான் தீப்புகுந்ததைச் சொல்கிறாள். அதனைக் கேட்டவன் இராமன் என்று அறிந்ததும் அகலிகை அலறிப்போகிறாள். உலகத்தின் முன் மெய்ப்பிக்க வேண்டும் என்ற சமாதானம் சீதைக்கு இருக்கிறது. அகலிகையிடம் அது செல்லவில்லை.

மன்னிப்பு வழங்கியவர் தம் வீட்டில் வேறொரு அளவுகோலைக் கையாண்டால், மன்னிப்புப் பெற்றவரின் கதி என்ன? கொடுத்தவரின் தகுதியைச் சார்ந்ததன்று மன்னிப்பு என்று வாதிடலாம். ஏரணத்தின்படி அது சரியே. ஆனால் அகலிகை உயிர்வாழ்ந்தது அத்தகைய நீதி உலகில் உண்டு என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை போனபின் மன்னிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

தீயும் கல்லும் அருகருகே நிற்பது கொங்கு நாட்டார்க்குப் புதிதன்று. கணவனோடு தீப்புகுந்த பெண்ணை வீரமாத்தி என்று கல்லில் நிறுத்தி வழிபட்ட மண் இது. அக்கல்லுக்குப் பொட்டிட்டுப் பூச்சூட்டுகிறோம். நெருப்பின் முன் நின்றபோது அவள் என்ன நினைத்தாள் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. புதுமைப்பித்தனின் அகலிகை சீதையைக் கேட்கிறாள்: அவன் கேட்டானா, நீ ஏன் இசைந்தாய் என்று. கேட்ட பிறகு அவளால் பெண்ணாக இருக்க முடியவில்லை.

முதன்முறை அவளைக் கல்லாக்கியது கணவனின் வாய்ச்சொல். இம்முறை எவரும் சபிக்கவில்லை. ஆறுதலோடு அணைக்க வந்த கோதமனே அவள் கண்ணுக்கு இந்திரனாகத் தெரிய, நெஞ்சம் இறுகிக் கல்லாகிறாள். அவ்விறுக்கத்தில் அவளுடைய மனச்சுமை நீங்கியதாகவே ஆசிரியர் காட்டுகிறார். எனவே தண்டனையாக வந்த கல்லே இப்போது அவளுக்குப் புகலிடமாகிறது. ஒரே குறியீடு ஒரே கதைக்குள் இவ்வாறு பொருள் மாறுவதைக் கவனியாமல், கல் என்றால் சாபம் என்று எழுதி வைத்துக்கொள்வது கதைக்கு நியாயம் செய்வதாகாது.

கோதமன் துறவு பூண்டு கைலாயம் நோக்கி நடக்கிறான். இம்முறை அவனை மூடப் புற்று வரவில்லை.