கணக்கும் சாட்சியும்

நாள்தோறும் ஒரே கணக்கைக் கூட்டிச் சலித்த கையிலிருந்து அவ்வேலையை இயந்திரம் வாங்கிக்கொள்வதில் நாம் குறை காணோம். ஆனால் வேலையோடு சாட்சியத்தையும் அதனிடமே ஒப்படைத்துவிடலாமா?

பிரிட்டனில் 1999ஆம் ஆண்டு முதல் அஞ்சலகக் கிளைகளின் கணக்கை 'ஹொரைஸன்' என்னும் கணினி அமைப்பு ஏற்றது. அது பொய்யாகக் காட்டிய பற்றாக்குறையைக் கைப்பணத்தால் ஈடுகட்டியோர் பலர். திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டோர் 900 பேருக்கும் மேல். சிறை சென்றோரும் உண்டு. கணினி சரியாகவே இயங்கியது எனக் கொள்வது அந்நாட்டுச் சட்ட மரபு. எனவே, அதன் பிழையைக் காட்டும் சுமை, அதன் உள்ளே எட்டிப்பார்க்கவும் வழியற்ற கிளை நடத்துநரின் தலையில் விழுந்தது. பேரேட்டில் பிழை செய்த கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கலாம். நம் கடைத்தெருவிலாயின் சண்டையே மூண்டிருக்கும்! இங்கு யாரைக் கேட்பது?

2024இல் தனிச் சட்டம் இயற்றியே அத்தண்டனைகளுள் பெரும்பாலானவற்றை நீக்கினர். அதற்குள் பலர் மாண்டிருந்தனர்.