கூண்டினுள் இருந்த மனிதன்

கருவிக்கு அறமில்லை, அதனைக் கையாள்பவனே நன்மை தீமைகளுக்குப் பொறுப்பாளி என்பர் சிலர். இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும்? இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களிற் பொருத்தப்பட்ட, சுழலும் துப்பாக்கிக் கூண்டுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பிரித்தானிய லங்காஸ்ரர் விமானத்தின் வாற்புறக் கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. சுடுநரின் பரசூட்டை வைக்க இடமிருக்கவில்லை. அது அவர் முதுகுக்குப் பின்னால், விமானத்தின் உடற்பகுதியில் இருந்தது. விமானம் தீப்பற்றினால் அவர் கூண்டை நேராகத் திருப்பி, கதவைத் திறந்து, கையை நீட்டி அதனை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்க பி-17 விமானத்தின் வயிற்றுப்புறத்தில் இருந்ததோ கோளக் கூண்டு. அதனுள் சுடுநர் கருவிலுள்ள குழந்தைபோல முடங்கிக் கிடந்தார். அவர்களுட் பெரும்பாலோர்க்குப் பரசூட்டை அணிந்திருக்கவும் இயலவில்லை. இக்கூண்டில் மாண்ட ஒருவனைப் பற்றி அமெரிக்கக் கவிஞர் ராண்டல் ஜரல் 1945 இல் ஐந்தடிக் கவிதையொன்றை வெளியிட்டார்.

இவற்றை அமைத்தோர் கொடியவர்கள் அல்லர். பாரத்தையும் இடத்தையும் காற்றின் தடையையும் கணக்கிட்டனர், அவ்வளவே. ஆனால், அக்கணக்கில் துப்பாக்கிக்கு முதலிடமும் மனிதன் தப்பும் வழிக்குக் கடைசியிடமும் கிடைத்தன. மாற்றுவழி இல்லாமலும் இல்லை. போரின் பிற்பகுதியில் சில லங்காஸ்ரர் விமானங்களுக்கு வந்த றோஸ் கூண்டு விசாலமானது. அதிலிருந்து சுடுநர் நேரே வெளியே குதிக்கலாம்.

பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையின் ஆய்வுப் பிரிவிற் பணியாற்றிய இளம் அறிஞர் பிறீமன் டைசன், கூண்டுகளையே அகற்றிவிட வேண்டுமெனக் கருதினார். இரவுப் போரில் அவை அளிக்கும் காப்புச் சிறிது. அகற்றினால் விமானம் வேகம் பெறும். வீழ்ந்தாலும் மாள்வோர் தொகை குறையும் என்பது அவர் வாதம். அது ஏற்கப்படவில்லை. அப்படையின் ஏறத்தாழ 1,25,000 விமானப் படையினருள் 55,573 பேர் மாண்டனர்.

இனி, பி-29 விமானத்தை நோக்குவோம். இங்கே சுடுநர் கூண்டினுள் இல்லை. காற்றழுத்தம் பேணப்பட்ட அறையில் அமர்ந்து குறிபார்த்தார். கணிக்கும் பொறியொன்றின் துணையோடு கூண்டுகள் தொலைவிலிருந்து இயங்கின. மனிதனுக்கு இடமளித்த அமைப்பு வந்துவிட்டது என்று நாம் மகிழலாமா? 1945 மார்ச் 9ஆந் திகதி இரவு ரோக்கியோ நகரைத் தாக்கப் புறப்பட்ட இவ்விமானங்களிலிருந்து பெரும்பாலான துப்பாக்கிகளும் ரவைகளும் அகற்றப்பட்டன. சுடுநரின் நலங் கருதியன்று. தீக்குண்டுகளை மேலும் ஏற்றுவதற்காகவே. ஓரிரவில் ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் மாண்டனர்.

எனவே, தன் படையினனைக் காப்பது மட்டும் அறமாகிவிடாது. லங்காஸ்ரரின் கணக்கில் கூண்டினுள் இருந்தவன் கடைசியில் வந்தான். பி-29 இன் கணக்கில் கீழே உறங்கியவர்கள் இடம்பெறவே இல்லை. இவ்விரண்டும் வரைபலகையிலும் கட்டளைத் தாளிலும் எடுக்கப்பட்ட முடிவுகள். விசையை அழுத்திய விரல் அவற்றுக்குப் பின்னரே வந்தது. ஆகவே பொறுப்பு முழுவதையும் அவ்விரலின்மேற் சுமத்துவது நீதியன்று.

நம் பிள்ளைகள் பொறியியலாளராக வேண்டுமென்று நாம் பெரிதும் விரும்புகின்றோம். பாரத்தையும் வேகத்தையும் கணக்கிட அவர்களுக்குக் கற்பிக்கின்றோம். அக்கணக்கில் யாருடைய உயிர் விடுபட்டுள்ளது என்று கேட்கவும் கற்பிப்பது நம் கடமையன்றோ?