யாருடைய விருப்பம்?

விஜயதசமி இரவில் பாங்கு கலந்த பானத்தைப் பருகும் வழக்கம் வங்காள இல்லங்கள் பலவற்றில் உண்டு. அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘சித்தி’! கொல்கத்தாவில் கல்லூரி மாணவர் ஒருவர் அதைச் சுட்டி, “மகராஜ், பெரியோர் பருகுவதை நான் பருகினால் தவறா? என் உடல், என் விருப்பம் அல்லவா?” என்று கேட்டார்.

செடியைப் பழிப்பது எளிது, ஆனால் நியாயமன்று. இந்நகர மருத்துவக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானஸி, கஞ்சாவை விலங்குகளுக்கு அளித்துச் சோதித்தபின் நோயாளிகளுக்கு வழங்கி, 1839-இல் அதுபற்றி எழுதினார். வலிப்பினால் துடித்த, பிறந்து நாற்பதே நாளான பெண் குழந்தை ஒன்று அம்மருந்தால் பிழைத்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். இச்செடியிலுள்ள, போதை தராத கன்னபிடியால் என்னும் பொருளைக் கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அமெரிக்கா 2018-இல் ஏற்றது.

போதை தருவது வேறொரு பொருள். அதனை ஒத்த ஒன்று நம் மூளையிலேயே சுரக்கிறது என்று 1992-இல் கண்டறிந்தவர்கள், ‘ஆனந்தம்’ என்ற நம் சொல்லைக் கொண்டே அதற்கு ‘ஆனந்தமைடு’ எனப் பெயரிட்டனர். அது வேண்டிய இடத்தில் வேண்டிய கணத்தில் தோன்றி, விரைவில் மறைவது. கருவிலும் இளமையிலும் நரம்பு இணைப்புகள் ஒழுங்குபடத் துணைபுரியும் அமைப்பின் ஓர் அங்கம் அது. வெளியிலிருந்து வரும் போதையோ மூளையெங்கும் பரவி மணிக்கணக்கில் தங்குகிறது. சுவீடனில் 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. ஐம்பது முறைக்குமேல் கஞ்சா உட்கொண்டவர்களிடம் மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு காணப்பட்டது. அவர்களுள்ளும் பெரும்பாலோர் நோயுறவில்லை. காரணம் எது, விளைவு எது என்ற விவாதமும் ஓயவில்லை. இதை மறைத்து அச்சுறுத்துவது சத்தியமாகாது.

ஆயினும் மாணவரின் கேள்வியில் ‘என்’ என்பது யார்? விருப்பத்தை எடைபோடும் முன்மூளை முதிர்வதற்கு இருபத்தைந்து வயதளவு ஆகிறது. கொல்கத்தாவில் மைனர் ஒருவர் எழுதிக்கொடுத்த அடமானம் செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வீட்டுக்கே அத்தனை காவல்! விவேகம் குடியிருக்கும் இடத்தை, அது கட்டிமுடியுமுன் பணயம் வைப்பவர், இனி வரப்போகும் தம்மைக் கலந்துகொள்ளவில்லை.

மாணவர் வாதிடவில்லை. சற்றுப் பொறுத்து, “என் தம்பிக்குப் பதினான்கு வயது. சென்ற பூஜையில் குவளையை அவனிடம் நீட்டியது நான்தான்” என்றார்.