அட்டையும் அகமும்

பழைய சஞ்சிகைகளின் அட்டைப்படங்களைத் தேடிச் சேர்த்துச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் வழக்கம் இன்று ஒரு நாகரிகமாகி வருகின்றது. அழகை நாடும் மனத்தை நாம் பழிக்கப் புகவில்லை. ஆயின், அட்டை கிழிக்கப்பட்டபின் எஞ்சும் இதழ் எங்கே போகின்றது? கச்சான் சுருளாகப் போகின்றது.

நம் முன்னோரும் சஞ்சிகையைக் கிழித்தவர்களே. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வெளிவந்த காலத்தில், வாரந்தோறும் கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துக் கட்டி வைத்த வீடுகள் பல. மணியத்தின் சித்திரங்கள் அக்கட்டுகளிலே பிழைத்தன; அட்டைகள் தொலைந்தன. ஆனால் அவர்கள் கிழித்தது வாசிப்பதற்காக. கட்டிய தொகுதி அயல் வீட்டுக்கும் போயிற்று. சில வேளை திரும்பாமலும் போயிற்று! இன்றோ அட்டை எஞ்ச, அகம் அழிகின்றது.

'மல்லிகை'யை எண்ணிப் பாருங்கள். சாதியின் பேரால் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, சிகையலங்காரத் தொழில் செய்து வாழ்ந்த டொமினிக் ஜீவா, 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சஞ்சிகை அது. பெருவணிக இதழ்கள் எழில் மங்கையரை முகப்பில் ஏற்றிய காலத்தில், எழுத்தாளரையும் கலைஞரையும் அது முகப்பில் ஏற்றிற்று. அவர் யார், என்ன செய்தார் என்பதை உள்ளே ஒரு கட்டுரை கூறும். முகப்பும் அகமும் ஒரே பேச்சின் இரு பாதிகள். அட்டையை மட்டும் சுவரில் மாட்டினால் அம்மனிதர் பெயரற்ற முகமாகிவிடுகின்றார். எந்தக் கருத்துக்காக அவர் அங்கு ஏற்றப்பட்டாரோ, அக்கருத்து வெளியே தள்ளப்படுகின்றது. சுவருக்குத் தகராறு பிடிக்காது போலும்!

காகிதமும் இந்த அநீதிக்குத் துணை நிற்கின்றது. அட்டை தடித்த தாள். உட்பக்கங்களோ மலிவுத் தாள். மரக்கூழில் உள்ள பொருள்கள் காலப்போக்கில் அமிலமாகித் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். மட்டக்களப்பு வாவிக்கரையின் ஈரக்காற்றில் கம்பி துருவேறும், பூச்சி அரிக்கும். சுவரில் ஏறிய அட்டைக்கும் வாழ்வில்லை: வெயில் படப்படச் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து நீலமே மிஞ்சும்.

1978 நவம்பர் 23 இல் சூறாவளியும், 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையும், இடையே நீண்ட போரும் கண்ட மண் இது. இங்கே வெள்ளத்தில் தப்பிய ஓர் ஒற்றை அட்டை கிடைப்பின், அதைப் போற்றுவோர்க்கு நாம் தலைவணங்குவோம். அழிவு விட்டுவைத்ததைக் காப்பது வேறு. முழுதாய் இருப்பதைக் கத்தியால் அழிப்பது வேறு.

2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துச் சஞ்சிகைகளை அட்டை முதல் கடைசி விளம்பரம் வரை படியெடுத்து எவரும் வாசிக்க வைத்துள்ளது. பாடசாலைக் கண்காட்சிக்கு அட்டையின் வர்ணப் படி போதும். அதைச் சுவரில் ஒட்டலாம். இதழை அதன் கீழே மேசையில் வைப்போம். புரட்டிப் பார்க்கும் மாணவர் எவரேனும், அடுத்த மாத இதழ் எங்கே என்று கேட்கக்கூடும்.