யாரைக் கேட்டுக் காட்டை ஆள்வது?

மேற்கு வங்கத்தின் மிட்னாப்பூர் பகுதியில் அரபாரி என்றொரு சால் காடு இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அதைக் காடு என்று சொல்லவே முடியாது. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளும், அவற்றில் துளிர்த்த உடனே ஆடுமாடு கடித்துவிட்ட குருத்துகளும்தான் மிஞ்சியிருந்தன. சுற்றியிருந்த 11 கிராமங்களின் ஏழைகள் விறகு வெட்டிச் சுமந்து விற்றுக் கஞ்சி குடித்தார்கள். வனத்துறை துரத்தியது, பிடித்தது, வழக்குப் போட்டது. விறகுச் சுமை நின்றபாடில்லை. அங்கே பணியில் இருந்த வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, 1972 வாக்கில் அந்த மக்களிடமே பேசப் போனார். 618 குடும்பங்கள், ஏறக்குறைய 1,270 ஹெக்டேர் நிலம். காட்டைக் காப்பது ஊர்களின் பொறுப்பு. பதிலுக்குக் காட்டு வேலைகளில் அவர்களுக்கே கூலி, வீட்டுக்கு வேண்டிய சுள்ளியும் புல்லும் இலையும் எடுக்க அனுமதி, மரம் முதிர்ந்து வெட்டும் நாளில் விற்ற பணத்தில் 25 விழுக்காடு. பங்கு தருவதற்கான அரசாணை பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதுவரை ஓர் அதிகாரியின் வாய்ச்சொல்லை நம்பியே ஊர்கள் காவல் காத்தன.

சால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வேரில் உயிர் இருந்தால் வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி எழும்பும். நாற்று நட வேண்டியதில்லை. துளிரை விட்டுவைத்தால் போதும். ஊர் விட்டுவைத்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அரபாரி மீண்டும் காடானது. மக்களின் ஈடுபாட்டை வலியுறுத்திய 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கைக்கும், கூட்டு வன மேலாண்மையை நாடு முழுவதும் பரப்பிய 1990 ஜூன் மாத மத்திய அரசுச் சுற்றறிக்கைக்கும் இந்த அனுபவம் முன்மாதிரியாக நின்றது.

பெரும்பாலும் இந்தக் கதை ஒரு நிர்வாக உத்தியின் வெற்றியாகவே சொல்லப்படுகிறது. மக்களைச் சேர்த்துக்கொண்டால் காவல் செலவு குறைகிறது, மரம் பிழைக்கிறது, ஆகவே சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாதத்தை மட்டும் நம்பினால், மக்கள் நிற்கும் தரை உறுதியற்றது. பயன் இருப்பதால் கேட்கிறோம் என்றால், கேமராவும் மின்வேலியும் மலிவாகும் நாளில் கேட்பதை நிறுத்திவிடலாம். கேட்பது கடமை என்றால் அப்படி நிறுத்த முடியாது. கேட்டதால் வேலை கொஞ்சம் தாமதமானாலும், செலவு கூடினாலும், கேட்டுத்தான் ஆக வேண்டும். இவ்விரண்டில் எது சரி என்பதே காட்டு நிர்வாகத்தின் அறக்கேள்வி.

கடமை என்பதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஈரோடு மாவட்டத்தின் தாளவாடியில் ராகியும் மக்காச்சோளமும் கதிர்விடும் காலத்தில், யானைக்குப் பயந்து பரணில் இரவைக் கழிப்பவர் யார்? விறகுக்குத் தடை வந்தால் அடுப்புக்கு வழி தேடுபவர் யார்? மேய்ச்சலுக்குத் தடை வந்தால் மாட்டை விற்பவர் யார்? காடு நாட்டின் பொதுச்சொத்து. அதன் நீரும் காற்றும் எல்லோருக்கும் போய்ச் சேர்கின்றன. அதைக் காப்பதற்கான விலையோ காட்டோரத்துச் சில ஆயிரம் வீடுகளில் வந்து குவிகிறது. ஒரு முடிவின் சுமையை யார் முதுகில் ஏற்றுகிறோமோ அவரைக் கேட்காமல் அந்த முடிவை எடுப்பது அநீதி. இதற்கு அந்த மக்கள் இயற்கையின் காதலர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தேவையில்லை. காட்டுவாசிகளைப் புனிதர்களாகச் சித்தரித்து அவர்களுக்காக வாதாடுகிறவர்கள், ஒரு நாள் யாரோ ஒருவர் தேக்கு வெட்டிப் பிடிபட்டவுடன் வாயடைத்துப் போகிறார்கள். சுமப்பவர் நல்லவரோ கெட்டவரோ, சுமக்கிறார். அதனாலேயே அவர் சொல்லைக் கேட்க வேண்டும்.

எதிர்வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. களக்காடு முண்டந்துறை மலைகளில் பெய்யும் மழைதான் தாமிரபரணியாக இறங்கித் திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் வாழவைக்கிறது. அந்தச் சரிவின் அடிவாரத்து ஊர் ஒன்று மட்டும் கூடி அந்தக் காட்டின் கதியைத் தீர்மானிக்கலாமா? கடைமடை விவசாயியும் அந்தக் காட்டை நம்பித்தானே இருக்கிறார். புலிக்கும் மலபார் அணிலுக்கும் கிராம சபையில் இடமில்லை. இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் இல்லை. பக்கத்தில் இருப்பதாலேயே ஒருவருக்கு முழு உரிமையும் வந்துவிடாது என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் இந்த நியாயம் பெரும்பாலும் யார் கையில் கருவியாகியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தொலைவில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லி அரசு காட்டை எடுத்துக்கொண்ட வரலாறு இந்தியாவில் நீளமானது.

குமாவூன் மலைகளில் நடந்ததைப் பார்க்கலாம். 1911க்கும் 1917க்கும் இடையே ஆங்கிலேய அரசு அங்கே ஊர்க்காடுகளில் பெரும்பகுதியைக் காப்புக்காடாக்கிப் புல் வெட்டவும் மேய்க்கவும் கட்டுப்பாடு விதித்தது. 1921இல் மலையெங்கும் தீ எழுந்தது. எரிந்தவை பெரும்பாலும் வனத்துறை வருவாய்க்காக வளர்த்த சிர் பைன் என்ற ஊசியிலை மரக் காடுகள். தங்கள் மாட்டுக்குத் தழையும் ஊருக்கு ஊற்றுநீரும் தந்த கருவாலிக் காடுகளை மக்கள் பெரும்பாலும் தொடவில்லை என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா எழுதுகிறார். கோபத்தின் உச்சியிலும் எதை எரிப்பது, எதை விடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசு ஒரு குறைகேட்புக் குழுவை அமைத்தது. கடைசியில் 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. ஊரே தேர்ந்தெடுத்த குழு, ஊரே வைத்த காவலாள், ஊரே விதித்த அபராதம். பத்தாண்டு முன்னரே கேட்டிருந்தால் அந்த நெருப்புக்கு வேலையே இருந்திருக்காது. அந்தப் பஞ்சாயத்துகள் இன்றும் உத்தராகண்டில் இருக்கின்றன. ஆனால் 1976 முதல் நடந்த விதித் திருத்தங்கள் ஒவ்வொன்றாக அதிகாரிகளின் பிடியை இறுக்கி, ஊரின் கையைத் தளர்த்திவிட்டன. கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப எடுக்கும்போது எந்தக் காடும் தீப்பற்றி எரியவில்லை. அதனால் நாடும் கவனிக்கவில்லை.

கேட்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன மலை. நம் சத்தியமங்கலம் காடுகளின் தொடர்ச்சி. இரு பக்கமும் சோளகர் வாழ்கிறார்கள். 1974இல் மலை சரணாலயமானது. உள்காட்டில் இருந்த சோளகர் குடியிருப்புகள் ஓரங்களுக்கு நகர்த்தப்பட்டன. அவர்கள் காலங்காலமாக வைத்துவந்த தரைத்தீ தடைசெய்யப்பட்டது. கோடை முற்றும் முன்னரே, காய்ந்த சருகு மட்டும் எரியும்படி வைக்கிற சிறு நெருப்பு அது. அந்தத் தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்பது சோளகப் பெரியவர்களின் கூற்று. உண்ணிச்செடி மண்டிய காட்டில் புல் குறைகிறது. புல் குறைந்தால் மானுக்கும் காட்டெருதுக்கும் தீனி இல்லை. பிறகு வருகிற கோடைத்தீயும் தரையோடு நிற்பதில்லை. பெங்களூரிலுள்ள ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தினர் இந்தக் கூற்றை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். எவ்வளவு தீ, எந்தக் காட்டுக்கு, எந்த மாதத்தில் என்ற விவாதம் முடியவில்லை. முடியாமல் இருப்பதில் தவறில்லை. அறிவியலுக்கு உரிய சான்றை அன்றைக்கு அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் தவறு. குற்றவாளியின் கையிலிருக்கும் தீப்பெட்டியாகவே அந்த அறிவு பார்க்கப்பட்டது.

2011 ஜனவரியில் அந்த மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 25 சோளகர் குடியிருப்புகளின் சமூக வன உரிமையும் ஏற்கப்பட்டது. புலி வாழும் காட்டின் நடுவே மனிதருக்கும் உரிமை உண்டு என்று சட்டப்படி ஏற்றது பெரிய முன்னேற்றம். அதற்கு வழிவிட்டது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பானர்ஜியின் அரபாரியில் ஊருக்குக் கிடைத்தது ஒரு நல்ல அதிகாரி தந்த பங்கு. இந்தச் சட்டம் தருவது, காட்டைக் காக்கவும் மீட்கவும் மேலாளவும் கிராம சபைக்குள்ள உரிமை. நல்ல அதிகாரி மாற்றலாகிப் போனாலும் அது போகாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மேந்தா லேகா என்ற கோண்டு ஊர் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு இந்த உரிமையைப் பெற்றது. ஆனாலும் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுபோக வேண்டிய போக்குவரத்துச் சீட்டை வனத்துறை தரவில்லை. 2011 ஏப்ரலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷும் மாநில முதல்வரும் நேரில் வந்துதான் அந்தச் சீட்டு வழங்கும் அதிகாரத்தை கிராம சபையிடம் கொடுத்தார்கள். ஒரு சீட்டுப் புத்தகத்தை ஊருக்குக் கொடுக்க மத்திய அமைச்சர் வர வேண்டியிருந்தது என்பது, அதிகாரம் எவ்வளவு தயங்கித் தயங்கிக் கைமாறுகிறது என்பதைக் காட்டுகிறது. தமிழ்நாட்டிலோ உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் 2008 முதல் 2016 வரை இந்தச் சட்டப்படி பட்டா வழங்குவதே முடங்கிக் கிடந்தது.

கருத்துக் கேட்பு என்ற பெயரில் நாடெங்கும் நடப்பது வேறு. வேலைநாளில் ஒரு கூட்டம், படிக்க முடியாத வரைபடம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தே பிறகு சம்மதமாகக் கோப்பில் ஏறுகிறது. பல மாநிலங்களின் கூட்டு வன மேலாண்மைக் குழுக்களில் செயலாளர் வனத்துறை ஊழியர். வங்கிக் கணக்கில் அவர் கையொப்பமும் வேண்டும். குழுவைக் கலைக்கும் அதிகாரம் அவருக்கு மேலே இருப்பவரிடம். இப்படிப்பட்ட குழுவில் ஊர் சொல்கிற கருத்துக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. கேட்டதை ஏற்காமல் போக அரசுக்குச் சில சமயம் தக்க காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தை எழுதிக் கொடுக்கும் கடமையாவது இல்லையென்றால், கேட்டதும் கேளாததும் ஒன்றே.

எந்த முடிவு யாருடையது என்பதில்தான் ஒரு வழி தெரிகிறது. எங்கே மேய்ப்பது, எப்போது தேன் எடுப்பது, எந்த ஓடையில் வெட்டக் கூடாது போன்ற அன்றாட ஆளுகையை ஊரிடம் விடலாம். அங்கே ஊர் தவறு செய்தாலும் திருத்த முடியும். காட்டையே இல்லாமல் ஆக்கும் முடிவு வேறு வகை. அதற்கு ஊரின் சம்மதமும் வேண்டும், நாட்டின் சம்மதமும் வேண்டும். இருவரில் ஒருவர் மறுத்தாலும் அது நடக்கக் கூடாது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டும் திட்டத்தில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முடிவை கிராம சபைகளிடம் விடச் சொன்னது. மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் 12 ஊர்களை மட்டும் மாநில அரசே தேர்ந்தெடுத்தது. டோங்க்ரியா கோந்த் மக்களும் மற்றவர்களும் கூடிய அந்த 12 சபைகளும் ஒன்றுவிடாமல் மறுத்தன. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. தொலைவில் இருப்பவர்களின் நன்மைக்காகக் காட்டை அரசு காக்கும், பக்கத்து ஊரார் அழிப்பார்கள் என்ற நினைப்பை அந்த 12 கூட்டங்கள் தலைகீழாக்கின.

இவ்வளவும் சொன்ன பிறகு ஊர் என்ற சொல்லுக்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர் ஒரே வாயால் பேசுவதில்லை. பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் இந்தியாவிலும் நேபாளத்திலும் வனக் குழுக்களை ஆராய்ந்தவர். ஆண்கள் மட்டும் கூடிக் காட்டை மூடிவிட முடிவெடுத்த ஊர்களில், விறகுக்காகப் பெண்கள் பக்கத்து ஊர்க் காட்டுக்கு மணிக்கணக்கில் நடந்ததை அவர் பதிவுசெய்திருக்கிறார். காடு செழித்தது. அந்தச் செழிப்புக்கு விலை கொடுத்தவர்கள் குழுவில் இல்லை. குழுவில் பெண்கள் கணிசமாக இருந்த இடங்களில் காட்டின் நிலையும் மேம்பட்டிருந்தது என்பதும் அவரது ஆய்வு கண்டது. 1957இல் காடுகளை நாட்டுடைமையாக்கிய நேபாளம், 1993ஆம் ஆண்டின் வனச் சட்டத்துக்குப் பிறகு அவற்றை மெல்ல மெல்ல ஊர்களிடம் ஒப்படைத்தது. இன்று அங்கே 22,000க்கு மேற்பட்ட சமூக வனக் குழுக்கள். செயற்குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. பாதி என்று எழுதிவைத்தாலும் உயர்சாதி வீடுகளின் குரல் ஓங்கி நிற்பதாக அங்கிருந்தே குறைகள் வருகின்றன. சுமப்பவரைக் கேட்க வேண்டும் என்ற நியாயத்தை வனத்துறையிடம் கேட்கும் ஊர், தன் பெண்களிடமும் நிலமற்றவரிடமும் மேய்ப்பவரிடமும் அதே நியாயத்தைக் காட்டக் கடமைப்பட்டது.

இந்தக் கேள்வி இப்போது நம் பக்கத்தில் பர்கூர் மலையில் நிற்கிறது. அந்தியூருக்கு மேலே உள்ள அந்த மலையின் செந்நிற மாடுகள் ஆண்டின் பெரும்பகுதியைக் காட்டுப் பட்டிகளிலேயே கழிப்பவை. அவற்றை வளர்ப்போர் பெரும்பாலும் கன்னடம் பேசும் லிங்காயத்துகள். சோளகரும் அங்கே உண்டு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மாடு மேய்க்கக் கூடாது என்றது. 2024 ஜனவரியில், ஈரோடு மாவட்டத்தில் 80,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மலைவாசிகள் பட்டிகள் பறிபோகுமோ என்று அஞ்சித் தெருவுக்கு வந்தார்கள். புலிகளும் யானைகளும் நடமாடும் அந்தக் காட்டுக்குப் பாதுகாப்பு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் காப்புக்காட்டைச் சரணாலயமாக்கும்போது, உரிமைகளைப் பற்றிய விசாரணை பழைய நாளிலேயே முடிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இன்று பட்டி வைத்திருப்பவரை யாரும் கேட்கத் தேவையில்லாமல் போவது இப்படித்தான். சட்டம் கேட்கச் சொல்லாவிட்டாலும் சரணாலயத்துக்கான மேலாண்மைத் திட்டம் எழுதுகிறவர் கேட்கலாம். எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எத்தனை மாடு மேய்ந்தால் புல் தாங்கும் என்ற கணக்கைப் பட்டிக்காரரோடும், சாணம் அள்ளிப் பால் கறக்கும் வீட்டுப் பெண்களோடும் சேர்ந்து போடலாம். கணக்கு ஒத்துவராத சரிவை மூடினால், அதற்கான காரணத்தையும் மாற்று ஏற்பாட்டையும் அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்கலாம்.