கதை கேட்பவரின் கடன்

சொந்த வாழ்க்கையைப் பேசுவதும் அரசியல்தான் என்பது பெண்ணியம் நமக்குக் கற்றுத்தந்த முதல் பாடங்களில் ஒன்று. அடிவாங்கியவள் வாய் திறந்த பிறகுதான் 'குடும்ப விஷயம்' குற்றமாயிற்று. திருநங்கைகளும் தன்பாலீர்ப்புள்ள பெண்களும் தங்கள் கதையைச் சொல்லும்போது நாம் கைதட்டுவதும் அதனால்தான். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. வெறுப்பை எதிர்க்கக் கதைகள் வேண்டும் என்றால், அவற்றைச் சொல்லும் பொறுப்பு யாருடையது?

கதைகளின் வலிமையில் எனக்கு ஐயமில்லை. அ. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' போன்ற நூல்கள் வரும்வரை, தமிழில் திருநங்கைகளைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் மற்றவர்களே. திரைப்படங்களுக்கு அவர்கள் நகைச்சுவைக் காட்சி. இந்த நூல்களில் 'அவர்கள்' என்ற சொல்லின் இடத்துக்கு 'நான்' வந்தது. ரேவதியின் தன்வரலாறோ 2010இல் முதலில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. தமிழில் 'வெள்ளை மொழி' அதன் பிறகே வந்தது. காரணம் எதுவாயினும், ஊரும் உறவும் படிக்கும் மொழியில் ஒரு வாழ்க்கை அச்சாவதன் கனம் வேறு.

அந்தக் கனத்தைச் சுமப்பவர் சொல்பவர் மட்டுமே. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், தான் நேசிப்பது இன்னொரு பெண்ணை என்று சொன்னால், படிப்பு நிற்கலாம், கைப்பேசி பறிபோகலாம், அடுத்த முகூர்த்தத்திலேயே திருமணம் நடக்கலாம். கேட்ட நாம் நெகிழ்ந்துவிட்டு வீடு திரும்புவோம்.

நான் பங்கேற்கும் வாசகர் வட்டத்துக்கு ஒருமுறை திருநங்கை ஒருவர் பேச வந்திருந்தார். வாடகை வீடு கிடைக்காதது பற்றிக் குறிப்பெடுத்து வந்திருந்தார். முதல் கேள்வி, 'ஆபரேஷன் பண்ணிட்டீங்களா?' இரண்டாவது, 'அம்மா என்ன சொன்னாங்க?' அவர் சிரித்தபடியே சொன்னார்: "வீட்டு வாடகை பத்திப் பேசத்தாம்மா வந்தேன். அதைக் கேளுங்க."

கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அவருடைய உரிமையை ஒப்புக்கொள்வதற்கு முன் அவருடைய துயரத்தைப் பார்க்க விரும்பினார்கள். ஒருவரின் பாலினத்தை அவரே தீர்மானிக்கலாம், அதற்கு அறுவைசிகிச்சை நிபந்தனையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2019இல் வந்த சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கேட்டது. அதை விமர்சிக்கும் நாமும் வேறொரு சான்றிதழைக் கேட்கிறோம். அது கண்ணீரில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே வித்தியாசம்.

இந்தச் சோதனை பெண்களுக்குப் பழக்கமானது. வன்முறைக்கு ஆளானவள் 'நல்ல பெண்ணா' என்று ஊர் கேட்கும்போது நாம் கொதிக்கிறோம். அப்படியானால், நெஞ்சை உருக்கும் கதை இல்லாத திருநங்கை, யாரிடமும் எதையும் சொல்ல விரும்பாத தன்பாலீர்ப்புப் பெண், எரிச்சலோடு பேசுபவர் ஆகியோருக்கும் அதே உரிமை உண்டு என்று நாம் சொல்லியாக வேண்டும். மனதைத் தொட்டால்தான் தருவோம் என்றால் அதற்குப் பெயர் உரிமை அல்ல, தர்மம் போடுவது.

கதை கேட்காமல் மனம் எப்படி மாறும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021இல், பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதைத் தான் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றார். பால்புதுமைச் சமூகத்தினரையும் சந்தித்தார். பிறகு, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளைத் தடைசெய்யும் உத்தரவு வந்தது. அங்கேயும் கதைகள் இருந்தன. ஆனால் மாற வேண்டியது தான்தான் என்ற இடத்திலிருந்து, கேட்பவர் தேடிப் போனார்.

நாம் சொல்ல வேண்டிய கதைகளும் உண்டு. 'ஆம்பள மாதிரி நடக்காதே' என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மில் எத்தனை பேர்? ஒரு ஆணின் உண்மையை மறைக்க அவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் வாழ்க்கை எந்தக் கணக்கில் சேர்ந்தது? அந்த வெறுப்பு நம் வீட்டு வேலியும்கூட. அதைப் பற்றிப் பேச நாம் கொடுக்கும் விலை, அவர்கள் கொடுப்பதைவிடக் குறைவு. கல்யாணப் பந்தியில் ஒருவர் கேலி பேசினால், நம் தோழியின் ரகசியத்தை உதாரணம் காட்டி வாதாட வேண்டியதில்லை. நல்ல நோக்கத்துக்காகக்கூட அவள் கதை நம்முடையது ஆகாது. "என் முன்னாடி இப்படிப் பேசாதீங்க மாமா" என்பது போதும்.

அவள் சொல்ல விரும்பினால் கேட்போம். சொல்லாவிட்டாலும் அவள் பக்கமே நிற்போம்.