‘நாங்க’ எப்போது ‘நீ’ ஆகிறது?

சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோவிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் அம்மாக்களிடம் கேட்டுப்பாருங்கள். “நாங்க இந்த வருஷம் ஏ லெவல்” என்பார்கள். எழுதப்போவது மகள். ஆனால் டியூஷனுக்குக் காசு கட்டியதும் ராத்திரியில் மைலோ கலக்கிக் கொடுத்ததும் அம்மா. அந்த ‘நாங்க’ பொய்யில்லை.

கென்ட் ரிட்ஜ் வளாகத்தைப் பார்க்கப் போகிற நாளிலும் இதே சொல்தான். “நாங்க கம்ப்யூட்டிங் எடுக்கலாம்னு இருக்கோம்” என்பார் அப்பா. மகள் பையைப் பிடித்தபடி நிற்பாள்.

மதிப்பெண் வரட்டும், அப்போது கவனியுங்கள். நல்லா வந்தால் “நாங்க வாங்கிட்டோம்.” குறைந்தால் “நீ ஒழுங்கா படிக்கல.” ஒரே இரவில் ‘நாங்க’ காணாமல் போய்விடுகிறது.

2026 பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து ஏ லெவல் மொத்தப் புள்ளி 90இலிருந்து 70 ஆகிவிட்டது. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே கணக்கில் சேரும். ஒரு பாடத்தில் சறுக்கியதைப் பெரிதுபண்ணாமல் விட ஒரு கணக்குமுறைக்கே முடிகிறது. நம் வீடுகளுக்கு ஏன் முடியவில்லை?

உதவி செய்தவருக்கு முடிவில் பங்கு கேட்கத் தோன்றுவது இயல்பு. பங்கு கேட்பவர் நஷ்டத்திலும் பங்கெடுக்க வேண்டாமா?

எனக்குப் புள்ளி குறைந்த அன்று டேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அம்மா, போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “சரி, நாம அடுத்து என்ன பண்ணலாம்?”

எதைப் படிப்பது என்பதில் ‘நீ’. சறுக்கிய நாளில் ‘நாம’. பெரும்பாலும் நாம் இவற்றை இடம் மாற்றித்தான் சொல்கிறோம்.